டாங்க்: குளமா, தாங்கியா, போர் ஊர்தியா? வன்னியில் அடிக்கடி எழும் கேள்விகள்

வன்னியில் ஓர் ஆங்கிலக் கடிதத்தில் 'டாங்க்' என்று இருந்தால் அது வயலுக்கு நீர் தரும் குளமாக இருக்கலாம். வீட்டுக்குப் பின்னால் தூணில் நிற்கும் பிளாஸ்ரிக் தாங்கியாக இருக்கலாம். கண்ணிவெடி அகற்றல் அறிக்கையில் வரும் போர் ஊர்தியாகவும் இருக்கலாம். கமக்காரர் அமைப்பின் செயலாளர், கூறுவிலை எழுதும் ஒப்பந்தகாரர், ஆங்கிலம் படிக்கும் பிள்ளை, மொழிபெயர்ப்பாளர் எனப் பலரும் இந்த ஒரு சொல்லில் தடக்குவதால் அதன் பிறப்பையும் பொருள்களையும் இங்கே கேள்வி பதிலாகத் தந்திருக்கிறோம்.

ஆவணத்தில் இந்தச் சொல்லைக் கண்டவுடன் முதலில் எதைப் பார்ப்பது?

தண்ணீரை எது பிடித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். மண்கட்டு என்றால் குளம். சுவரோ தகரமோ பிளாஸ்ரிக்கோ என்றால் தாங்கி அல்லது தொட்டி. தண்ணீரே இல்லை, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் டாங்கி.

அடுத்து, பக்கத்தில் நிற்கும் சொற்களையும் அளவையும் பாருங்கள். பண்ட், ஸ்லூஸ், ஸ்பில், ஏக்கர் அடி என்று வந்தால் குளம். கலன், லீற்றர், போல் வால்வு என்று வந்தால் தாங்கி. இந்த இரண்டையும் பார்த்தாலே பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும். மிச்சத்தைத்தான் கீழே பார்க்கிறோம்.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் இது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவுக்கு வந்துபோன வணிகர்களின் எழுத்தில் நுழைந்தது. அப்போது அதற்கு இருந்த பொருள் குளம், நீர்நிலை என்பதுதான். இரும்புப் பெட்டி, எண்ணெய்க் கலம் என்ற பொருள்கள் பிறகு வந்தவை. ஆகவே 'டாங்க் என்றால் தொட்டி, இலங்கையில் மட்டும் ஏனோ குளத்துக்குச் சொல்கிறார்கள்' என்பது தலைகீழான விளக்கம். குளம்தான் மூத்த பொருள்.

மூலம் எது என்பதில் இரண்டு வழிகள் காட்டப்படுகின்றன. ஒன்று குஜராத்தி, மராத்தி வழி. அந்த மொழிகளில் நிலத்தடி நீர்க்கிடங்கைக் குறிக்க 'டாங்க்', 'டாங்கே' போன்ற சொற்கள் உண்டு. ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தில் மழைநீரைச் சேர்க்கும் நிலத்தடிக் கிடங்கை இன்றும் 'டாங்கா' என்றே அழைக்கிறார்கள். இவற்றுக்கு அடியில் சமஸ்கிருதத் 'தடாக' இருக்கலாம் என்பது ஒரு கருத்து. அது சரியென்றால் நாம் பாட்டிலும் பாடப்புத்தகத்திலும் காணும் 'தடாகம்' இந்த ஆங்கிலச் சொல்லுக்கு உறவுமுறை ஆகிவிடும்.

மற்றது போர்த்துக்கேய வழி. அந்த மொழியில் 'தாங்கே' என்றால் நீர்நிலை. அது 'எஸ்தாங்கே' என்பதன் தலை வெட்டப்பட்ட வடிவம் எனச் சொல்வார்கள். 'எஸ்தாங்கார்' என்றால் ஓடும் நீரை மறித்து நிறுத்துதல். இரத்தப்போக்கை நிறுத்துவதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்டாஞ்ச்' என்கிறார்களே, அதுவும் இதே குடும்பம்.

1886இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியமே இதை இரட்டைப் பிறப்புடைய குழப்பமான சொல் என்று எழுதி வைத்தது. எங்கள் கணிப்பும் அதற்குக் கிட்டத்தான்: இந்தியச் சொல் முதலில் காதில் விழுந்தது, கடற்கரையெங்கும் பேசப்பட்ட போர்த்துக்கேயம் அதற்கு முண்டு கொடுத்தது. ஒரே ஒலியும் ஒரே பொருளும் கொண்ட இரண்டு சொற்கள் ஒரே துறைமுகத்தில் சந்தித்தால் யார் யாருக்குக் கடன் கொடுத்தார் என்று பிரிப்பது கடினம்.

அப்படியானால் தமிழ்த் 'தாங்கி'தான் மூலம் என்பது?

இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சான்று இல்லை. தாங்கி என்பது 'தாங்கு' என்ற வினையிலிருந்து வந்த நல்ல தமிழ்ச் சொல். சுமைதாங்கி, இடிதாங்கி எல்லாம் அதே அச்சு. அதன் அடிப்பொருள் சுமத்தல், பொறுத்தல். ஆங்கிலச் சொல் இங்கு வந்தபோது அதன் ஒலிக்கும் பொருளுக்கும் இது வாகாக ஒட்டிக்கொண்டது. 'நீரைத் தாங்குவது நீர்த்தாங்கி' என்று சொன்னால் யாருக்கும் இடறாது. இலங்கைத் தமிழில் தாங்கி நிலைத்ததும் தமிழ்நாட்டில் தொட்டி முன்னுக்கு நிற்பதும் இதனால் இருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'தாங்கு' என்ற வேரிலிருந்து நீர்நிலைக்கே ஒரு பெயர் தமிழில் இருக்கிறது: தாங்கல். தமிழ்நாட்டின் வடபகுதியில் சிறிய ஏரிக்கு அந்தப் பெயர். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்ற ஊர்ப்பெயர்களில் அது நிற்கிறது. ஒலி ஒற்றுமையை வைத்து மட்டும் வேர் காட்டினால் இதையும் ஆங்கிலச் சொல்லுக்குத் தாயாக்கி விடலாம். ஆனால் ஆங்கிலேயர் அச்சொல்லை முதலில் எடுத்தாண்டது இந்தியாவின் மேற்குப் பக்கத்தில். அங்கே கையெட்டும் தூரத்தில் குஜராத்தி இருக்கும்போது செங்கல்பட்டுக்கு ஓட வேண்டியதில்லை.

குளத்தை ஏன் லேக் என்றோ பொண்ட் என்றோ எழுதவில்லை?

எழுதியவர்களும் உண்டு. கண்டியில் சிறையிருந்து 1679இல் அருவியாற்றுப் பக்கமாக அரிப்புக்குத் தப்பிய றொபேட் நொக்ஸ், பிறைநிலா வடிவில் கட்டு கட்டி நீர் சேர்க்கும் இந்த அமைப்புகளைப் பொண்ட் என்றே எழுதினார்.

1796இல் டச்சுக்காரரின் கரையோரப் பகுதிகள் ஆங்கிலக் கம்பனியின் கையில் விழுந்தபோது முதல் நிர்வாகம் மதராஸிலிருந்து நடந்தது. மதராஸ் அலுவலக எழுத்தில் ஏரி, கண்மாய், ஊருணி எல்லாமே ஏற்கெனவே டாங்க்தான். அந்த வழக்கு இங்கும் வந்தது. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் உருவான பிறகு அது நிரந்தரத் தொழிற்சொல் ஆயிற்று.

லேக் பொருந்தாததற்குக் காரணமும் உண்டு. லேக் இயற்கையாக அமைவது, குளம் கட்டப்படுவது. ரிசர்வாயர் பொருந்தும், ஆனால் அதைப் பெரும்பாலும் ஆற்றை மறித்த பெரிய தேக்கங்களுக்கே வைத்துக்கொண்டார்கள்.

தமிழில் எல்லாவற்றையும் 'குளம்' என்று எழுதிவிடலாமா?

பொதுப்பெயராக எழுதலாம். ஊர்ப்பெயரில் கைவைக்கக் கூடாது. வவுனிக்குளம், பாவற்குளம், அக்கராயன்குளம் சிக்கல் தராதவை. பெயர் மடு என்றோ கேணி என்றோ முடிந்தால் கவனம் வேண்டும். இரணைமடுவில் 'மடு' என்பதே ஆழமான நீர்நிலை, 'இரணை' என்றால் இரட்டை. ஆங்கிலத்தில் இரணைமடு டாங்க் என்று வருவதை 'இரணைமடுக் குளம்' என்று எழுதுவது வழக்கில் ஊறிவிட்டது. பெயரையே 'இரணைக்குளம்' என்று வெட்டி ஒட்டக் கூடாது. கணுக்கேணி, கல்மடு போன்றவற்றுக்கும் இதே விதி.

அதிகம் பிழைக்கும் பெயர் மன்னாரில் இருக்கிறது. ஆங்கில வரைபடத்தில் 'ஜயன்ட்ஸ் டாங்க்' என்று இருப்பதை 'இராட்சதக் குளம்' என்று பெயர்த்தால் உள்ளூரில் ஒருவருக்கும் விளங்காது. ஊரார் வாயில் அது கட்டுக்கரைக்குளம். ஆங்கிலப் பெயர் சிங்களத்தின் 'யோத வெவ' என்பதை நேரே பெயர்த்தது. அருவியாற்றை மறிக்கும் தேக்கம் அணைக்கட்டிலிருந்து அதற்கு நீர் வருகிறது. சிங்கள 'வெவ'வும் நம்முடைய 'வாவி'யும் 'வாபி' என்ற ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள். ஆனால் மட்டக்களப்பில் வாவி என்றால் கடலோடு தொடுப்புள்ள களப்பு. 'வெவ'வை 'வாவி' என்று எழுதினால் வேர் சரியாகவும் பொருள் பிழையாகவும் இருக்கும்.

குளம் சார்ந்த ஆங்கில ஆவணத்தில் வேறு எந்தச் சொற்கள் காலை வாரும்?

நிறைய. சில பிழைகள் சிரிப்போடு போய்விடும், சில பணத்தையும் கட்டையும் கொண்டுபோகும்.

பண்ட் என்பது குளக்கட்டு. பாரசீகப் 'பந்த்' இந்துஸ்தானி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கிலத்தின் 'பைண்ட்', சமஸ்கிருத வழியாக நமக்கு வந்த 'பந்தம்' எல்லாம் கட்டுதல் என்ற ஒரே வேர். அனிகட் நேரே நம் வீட்டுச் சொல்: அணைக்கட்டு. அதை 'அனிகட்' என்று தமிழில் திரும்ப எழுதுவது சொந்தப் பிள்ளைக்கு வாடகை கேட்பது போன்றது. ஸ்லூஸ் என்பது துருசு, அதாவது குளத்து நீரைத் திறந்துவிடும் வாசல். அந்த ஆங்கிலச் சொல் வெளியே அடைத்து வைத்தல் என்ற இலத்தீனிலிருந்து வந்தது. தமிழ்நாட்டு நூலில் மதகு என்று இருக்கும், வன்னியில் துருசு என்றால்தான் வேலையாளுக்குப் புரியும். ஸ்பில் என்பது வான், அதாவது மிஞ்சிய நீர் வழிந்து போகும் இடம். குளம் நிரம்பினால் 'வான் பாயுது' என்கிறோம். வான்கதவு என்பதை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் ஆகாயத்துக் கதவாக வரக்கூடும். ஆங்கிலத்துக்குப் போகும்போது 'ஸ்பில் கேட்' என்று கையால் திருத்துங்கள்.

'டாங்க் பெட்' கட்டிலும் அன்று மெத்தையும் அன்று. அது குளத்தில் நீர் நிற்கும் உட்தரை. 'டாங்க் ரிசர்வேஷன்' முன்பதிவு அன்று, குளத்துக்கென ஒதுக்கிய காணி. காணிப் பிணக்குகளில் இந்த ஒரு சொல்லை மாற்றி எழுதினால் வழக்கின் திசையே மாறும். அலைகரையும் (குளம் நிரம்பும்போது அலை தொடும் விளிம்பு) ஒதுக்கீட்டுக் காணியும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். 'டெட் ஸ்டோரேஜ்' என்பதை 'இறந்த சேமிப்பு' என்று எழுதியவர்களும் உண்டு. துருசின் வாசலுக்குக் கீழே நிற்பதால் தானாக வெளியே வராத நீர் அது. மாடும் மீனும் கோடையில் வாழ்வது அதை நம்பித்தான்.

'ஃப்ரீபோர்ட்' என்பது குளம் முழு மட்டத்தில் நிற்கும்போது நீருக்கும் கட்டின் உச்சிக்கும் இடையில் விடும் உயரம். இது வீணாக விட்ட இடம் அன்று. காற்றடித்து அலை ஏறும்போதும் வான் பாயும்போது நீர்மட்டம் உயரும்போதும் கட்டைக் காப்பது அதுதான். கூடுதல் நீர் பிடிக்கலாம் என்று வானில் மண்மூட்டை அடுக்கினால் குறைவது இந்த உயரமே. பெருமழை வந்தால் நீர் வானால் போகாமல் கட்டுக்கு மேலால் போகும். மண்கட்டுக்கு மேலால் நீர் போனால் கட்டு நிற்காது.

எல்லாவற்றிலும் ஆபத்தான மொழிபெயர்ப்பு 'பைப்பிங்'. சோதனை அறிக்கையில் 'பைப்பிங் அவதானிக்கப்பட்டது' என்று இருப்பதைக் 'குழாய் பதிக்கப்பட்டுள்ளது' என்று எழுதினால் அவசர எச்சரிக்கை சாதாரணக் குறிப்பாகிவிடும். உண்மையில் அது கட்டுக்குள்ளால் நீர் வழி கண்டு, மண்ணை அரித்து, உள்ளே குகை போலத் துளைத்துக்கொண்டு வருவது. செத்துப்போன மரவேர், கறையான் புற்று, உடும்பும் முள்ளம்பன்றியும் தோண்டிய வளை, துருசுக் குழாயைச் சுற்றிச் சரியாக இறுக்காத மண் எல்லாம் அதற்கு வழி. கட்டின் அடியில் தெளிந்த நீர் கசிந்தால் அளவைக் குறித்து வைத்துக் கண்காணிக்கலாம். கசிவு கலங்கி வந்தால் மண் போகிறது என்று பொருள். உடனே நீர்மட்டத்தை இறக்கவும் பொறியியலாளரை அழைக்கவும் வேண்டும். அந்த இடத்தை வெளிப்பக்கத்தில் களிமண்ணால் அடைப்பது கூடாது. அடைத்தால் நீர் இன்னொரு பக்கத்தால் கூடிய வேகத்தோடு வரும்.

'டாங்க் கஸ்கேட்' என்பதில் அருவியோ நீர்வீழ்ச்சியோ இல்லை. ஒரு குளத்திலிருந்து வழிந்தும் வடிந்தும் வரும் நீரை அடுத்த குளம் வாங்கிக்கொள்ளும் குளத்தொடர் அது. சிங்களத்தில் எல்லங்காவ என்பார்கள். இலங்கை உலர்வலயத்தின் இந்தக் குளத்தொடர்–கிராம முறையை ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக விவசாய மரபுரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது.

மைனர் டாங்க் என்றால் சின்னக் குளம் என்பதுதானே?

பேச்சில் ஆம், சட்டத்தில் அது ஓர் அளவு. நீர்பாயும் நிலம் 80 ஹெக்டயர், அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர் அல்லது அதற்குக் குறைவு என்றால் சிறு நீர்ப்பாசனம். அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பக்கம். 80 முதல் 600 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரும் நீர்ப்பாசனம். குளத்தின் பரப்பை அல்ல, வயலின் பரப்பையே அளக்கிறார்கள். எனவே பார்வைக்குப் பெரிய குளமும் மைனர் ஆகலாம். மனுவை எந்த அலுவலகத்துக்குக் கொடுப்பது என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

ஏக்கர் அடி, கியூசெக் என்று எழுதுகிறார்களே, அது எவ்வளவு தண்ணீர்?

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நீர் நின்றால் அது ஓர் ஏக்கர் அடி. 43,560 கன அடி, ஏறக்குறைய 1,233 கன மீற்றர், அதாவது 12 இலட்சத்து 33 ஆயிரம் லீற்றர். 6,000 லீற்றர் பவுசரில் ஏற்றினால் 205 தடவைக்கு மேல் ஓட வேண்டும். ஒரு மில்லியன் கன மீற்றர் என்பது ஏறக்குறைய 811 ஏக்கர் அடி. பிந்திய புனரமைப்புக்கு முன் இரணைமடுவின் கொள்ளளவு 106,500 ஏக்கர் அடி எனப் பதிவானது. புதிய அறிக்கைகளில் அதே அளவு 131 மில்லியன் கன மீற்றர் என்று வரும். இரண்டும் வேறு கணக்கு என்று எண்ணிச் சண்டை பிடிக்க வேண்டாம்.

கியூசெக் என்பது செக்கனுக்கு ஒரு கன அடி, 28.3 லீற்றர். ஒரு கியூசெக் ஒரு நாள் முழுக்க ஓடினால் இரண்டு ஏக்கர் அடிக்கு மயிரிழை குறைவு. வாய்க்கால் கணக்குக்கு இரண்டு என்றே வைத்துக்கொள்ளலாம்.

சிறு குளத்தில் எவ்வளவு நீர் என்று பார்க்க, நிரம்பிய பரப்பையும் கூடிய ஆழத்தையும் பெருக்கி அப்படியே எழுதிவிடுகிறார்கள். அது பிழை, ஏனெனில் குளம் பெட்டி அன்று. ஆழம் கட்டோடு இருக்கும், மேல்பக்கம் தட்டையாய் ஏறிப் போகும். பெருக்கியதை 0.4ஆல் மீண்டும் பெருக்குவது நடைமுறை வழக்கம். 50 ஏக்கர் பரப்பு, 10 அடி ஆழம் என்றால் 500 அன்று, 200 ஏக்கர் அடிதான். இதே காரணத்தால் அளவுகோலில் பாதி உயரம் நின்றால் பாதி நீர் இருக்கிறது என்பதும் தப்புக்கணக்கு. பாதிக்கு எவ்வளவோ குறைவாகத்தான் இருக்கும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் தீர்மானிக்கும்போது இதை மறந்தால் கதிர் வரும் நேரத்தில் நீர் முடியும்.

'இரணைமடு 36 அடி' என்று செய்தியில் வருவது அளவுகோல் கணக்கு. கோலின் பூச்சியம் பெரும்பாலும் துருசின் வாசல் மட்டத்தில் இருக்கும். அந்த எண்ணைக் குளத்தின் மிக ஆழமான இடத்தின் ஆழம் என்று எடுக்கக் கூடாது.

போர் ஊர்திக்கு ஏன் தண்ணீர்த் தொட்டியின் பெயர்?

மறைப்பதற்காக. முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளைக் கடந்து போகும் கவச ஊர்தியை உருவாக்க 1915இல் பிரித்தானியர் குழு அமைத்தபோது அதன் பெயர் 'தரைக்கப்பல் குழு'. அந்தப் பெயரே இரகசியத்தைச் சொல்லிவிடும். லிங்கனில் இருந்த தொழிற்சாலையில் உடல் கட்டப்படும்போது, மெசப்பத்தேமியாவுக்கு நீர் கொண்டுபோகும் கலம் செய்கிறோம் என்ற பேச்சு விடப்பட்டது. 1915 டிசம்பரில் டாங்க் என்பதே மறைபெயராகத் தீர்மானமானது. சில ஊர்திகளில் 'பெத்ரோகிராடுக்கு, கவனம்' என்று ரஷ்ய எழுத்தில் எழுதியும் ஏமாற்றினார்கள். 1916 செப்டெம்பர் 15 அன்று பிரான்சில், சொம் சண்டையில் அவை முதன்முதலாக இறங்கின. அதன் பிறகு இரகசியம் இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஜெர்மானியர் 'பான்சர்' என்கிறார்கள். அதன் பொருள் கவசம்.

தமிழில் டாங்கி என்றும் தாங்கி என்றும் எழுதுகிறார்கள். 'கவச வாகனம்' என்பது அகன்ற சொல். சில்லில் ஓடும் துருப்புக் காவியும் அதில் அடங்கும். சங்கிலிப் பட்டியில் ஓடி, சுழலும் கோபுரத்தில் பெரிய பீரங்கி இருந்தால் டாங்கி என்றே எழுதுவது தெளிவு. 'தாங்கி தகர்ந்தது' என்று எழுதினால் வன்னி வாசகருக்கு இரண்டு படம் வரும். போர்க்காலத்தில் விழுந்து ஏ9 வீதியோரம் பல ஆண்டுகள் கிடந்த கிளிநொச்சி நீர்த்தாங்கியைப் பார்த்த கண்கள் அவை.

கண்ணிவெடி அறிக்கையில் 'ஆன்டி டாங்க்' என்றால்?

டாங்கி எதிர்ப்புக் கண்ணி. குளத்தோடு தொடர்பில்லை. பொதுவாக நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம் அழுத்தினால் வெடிக்கும் வகை, ஊர்திகளுக்கு வைத்தது. ஆளெதிர்ப்புக் கண்ணி, அதாவது மிதிவெடி, சில கிலோவுக்கே வெடிக்கும். இந்த வேறுபாட்டை வைத்து 'நான் மிதித்தால் ஒன்றும் ஆகாது' என்று கணக்குப் போடக் கூடாது. பக்கத்தில் மிதிவெடியும் புதைத்திருக்கலாம், பழுதான பொறி எந்தப் பாரத்துக்கும் வெடிக்கலாம், உழவு இயந்திரத்தின் பாரம் தாராளமாகப் போதும். தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, அறிவியுங்கள்.

வீட்டுத் தாங்கி வாங்கும்போது ஆங்கிலக் குறிப்பில் எதைக் கவனிப்பது?

கலன் என்று இருந்தால் எந்தக் கலன் என்று கேளுங்கள். இங்கே பழகியது பிரித்தானியக் கலன், 4.546 லீற்றர். அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர். 500 கலன் தாங்கி முன்னதில் 2,273 லீற்றர், பின்னதில் 1,893. வித்தியாசம் 380 லீற்றர். லீற்றரில் விலை கேட்பது பாதுகாப்பு.

1,000 லீற்றர் நீர் ஒரு தொன். பிளாஸ்ரிக் தாங்கியின் அடி முழுவதும் தட்டையான தளத்தில் இருக்க வேண்டும். இரண்டு கட்டைக்கு மேல் வைத்தால் நடுவில் தொய்ந்து, குழாய் பூட்டும் மூலை வெடிக்கும். அழுத்தம் உயரத்தால் வருவது, தாங்கியின் பருமனால் அன்று. 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார். பத்தடித் தூணில் வைத்தால் 0.3 பார்தான் கிடைக்கும், பெட்டியில் 'ஒரு பார் தேவை' என்று எழுதிய ஷவர் அதில் சொட்டத்தான் செய்யும். பெரிய தாங்கி வாங்கி இதைத் தீர்க்க முடியாது. மூடி இறுக்கமாக இருக்கட்டும், வழிந்தோடும் குழாய்க்கு வலை கட்டுங்கள். நுளம்புக்கு அந்த வாய் போதும்.

'செப்டிக் டாங்க்' நச்சுத் தொட்டியா?

இல்லை. கிரேக்கத்தில் அந்த அடைமொழிக்கு அழுகச் செய்வது என்று பொருள். மலம் காற்றில்லாமல் அழுகி, திண்மம் அடியில் படியும் மூடிய தாங்கி அது. அதிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழி வேறு. இரண்டையும் 'மலசலகூடக் குழி' என்று ஒரே சொல்லில் எழுதினால் ஒப்பந்தகாரர் ஒன்றைத்தான் கட்டுவார்.

தண்ணீர் ஏற்றும் லொறியை ஏன் டாங்கர் என்னாமல் பவுசர் என்கிறோம்?

அது ஓர் ஆளின் பெயர். அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்னில் 1885இல் எண்ணெய் இறைக்கும் பம்பி செய்து விற்ற சில்வேனஸ் பவுசர். அவரது கம்பனிப் பெயர் எரிபொருள் ஊர்திக்கும் பிறகு நீர் ஊர்திக்கும் ஆகிவந்தது. டாங்கர் என்றால் ஆங்கிலத்தில் எண்ணெய்க் கப்பலும் நினைவுக்கு வரும்.

உடுப்பிலும் பேச்சிலும் வரும் டாங்க்?

அமெரிக்காவில் நீச்சல் தடாகத்தையும் டாங்க் என்றார்கள். 1920களின் நீச்சலுடை 'டாங்க் சூட்' ஆனது, அதன் மேல்பாதி போன்ற கையில்லாச் சட்டை பின்னர் 'டாங்க் டொப்'. கனடாவிலிருந்து வந்தால் அது மெல்லிய பெனியன் மாதிரி. லண்டனிலிருந்து வந்தால் சட்டைக்கு மேல் போடும் கையில்லாக் கம்பளிச் சட்டை. கப்பற் பொறியியலில் அதே பெயர் அடித்தட்டுத் தாங்கிகளின் மேல்தளம்.

வினையாக வந்தால் விழுதல். பொருளாதாரம் 'டாங்க்' பண்ணியது என்றால் குப்புற விழுந்தது. விளையாட்டில் வேண்டுமென்றே தோற்பது. குத்துச்சண்டைக்காரர் காசு வாங்கிக்கொண்டு தரையில் பாய்வதை நீச்சல் தடாகத்தில் பாய்வதாகக் கேலி செய்ததிலிருந்து அது வந்தது. 'டாங்க் அப்' என்றால் எரிபொருள் நிரப்புவது, 'டாங்க்ட் அப்' என்றால் வெறி முற்றியது. கட்டட வேலையில் 'டாங்கிங்' என்பது நிலக்கீழ்ச் சுவருக்கு நீர் புகாத பூச்சு. தாங்கி கட்டுவது என்று கூறுவிலை கொடுத்துவிடாதீர்கள். 'திங்க் டாங்க்' முதலில் தலைக்கு, மூளைக்குச் சொன்ன கொச்சை. இன்று சிந்தனைக் குழாம். கணினி விளையாட்டில் டாங்க் என்றால் அடியைத் தான் வாங்கிக் கூட்டாளிகளைக் காப்பவர். 'டாங்கர்ட்' என்ற பியர்க் குவளைக்கு இதில் பங்கில்லை, அந்தச் சொல் டாங்க் பிறப்பதற்கு முன்னரே ஆங்கிலத்தில் இருந்தது.

தமிழில் எப்படி எழுதுவது? ராங்கி, டாங்கி, டேங்க்?

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ரயர், ரின், பெற்றோல் ராங்கி என்று எழுதிய தலைமுறைக்கு ராங்கி இயல்பு. தமிழ்நாட்டில் டேங்க், டாங்கி. எதையும் பிழை என்று அடிக்க வேண்டியதில்லை, ஒரு ஆவணத்துக்குள் ஒன்றாக இருந்தால் போதும். பழைய பத்திரிகைகளையோ அறிக்கைகளையோ இணையத்தில் தேடினால் மூன்று எழுத்திலும் தேடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் பாதி அகப்படாது.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

'அப்பப்பா டாங்க்கில் குளிப்பார்' என்று சொன்னால் லண்டன் பிள்ளை கூரைத் தொட்டிக்குள் இறங்கிய அப்பப்பாவைத்தான் காணும். 'இரிகேஷன் டாங்க்' என்று சொல்லி, ரிசர்வாயர் மாதிரி, மண்ணால் கட்டியது, பல தலைமுறை பழையது என்று ஒரு வரி சேருங்கள். ரெக்சாஸில் மாட்டுக்கு நீர் தேக்கும் மண்குட்டையை இன்றும் 'ஸ்டொக் டாங்க்' என்கிறார்கள், அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு உடனே பிடிபடும். மற்றவர்களுக்குப் படம் காட்டுங்கள்: ஒரு பக்கம் கட்டு, மறுபக்கம் காடு, நடுவில் தாமரை.